வெள்ளிக்கிழமைக்கு ஆள் சேர்த்த காலம்

ஆள் சேர்ப்பதில் என்னை வெல்ல இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ஒரு பந்தி பிழையில்லாமல் எழுத வராது. ஆனால் விடியப்புறம் ஒரு வைத்தியசாலைக்காரன் தொலைபேசி எடுத்து, துப்புரவுக்காரர் பாதிப்பேர் சுகமில்லை என்று நின்றுவிட்டார்கள், மாடி கழுவ ஆளில்லை என்று அழுதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னம் அவனுடைய வாசலில் என் ஆட்கள் வாளியோடு நிற்பார்கள்.

உணவகத்தில் சட்டி கழுவினேன். பிறகு நானும் மனைவியும் படிக்கட்டுத் துடைத்தோம். இப்போது மூன்று நகரங்களில் என் துப்புரவுக் கம்பனியின் வான்கள் ஓடுகின்றன. வானின் பக்கவாட்டில் என் பெயர் ஆள் உயரத்துக்கு நீல எழுத்தில் இருக்கிறது. தமிழ் ஆட்களின் செத்தவீடு என்றாலும் சரி, இங்கே யாத்திரை போகும் கேவலார் மாதா கோயில் திருநாள் என்றாலும் சரி, "அண்ணை, சனம் காணாது" என்று ஒரு சொல் வந்தால் போதும். நான் சனத்தைக் கொண்டு போய் இறக்குவேன். சனம் இல்லாமல் ஒரு பெட்டி மண்ணுக்குள் போக நான் இந்த நாட்டில் விட்டதில்லை.

அப்படிப்பட்ட என்னால் ஒரு இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமைக்கு, பத்துப் பேரைச் சேர்க்க முடியாமல் போனது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இருப்பது கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள ஒரு நடுத்தர நகரம். இங்கே யூதர்களுக்கு ஒரு தொழுகைக்கூடம் இருப்பதே எனக்கு நெடுநாளாகத் தெரியாது. முன்னால் எப்போதும் ஒரு பொலிஸ் கார் நிற்கும் வெள்ளைக் கட்டடம் என்றுதான் தெரியும். யாரோ பெரிய அதிகாரியின் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே துப்புரவு செய்த கம்பனி விலகிவிட்டது, வேலையாள் ஒவ்வொருவரையும் பொலிஸ் விசாரித்துத்தான் உள்ளே விடுவார்கள், அந்தத் தொல்லை யாருக்கும் வேண்டாம் என்று கேள்விப்பட்டேன். பொலிஸ் விசாரணையைக் காட்டி அகதியாக வந்தவனைப் பயப்படுத்த ஏலுமா? நான் போனேன்.

உள்ளே போகும்போது கம்பனித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கோயிலுக்குள் ஆண்பிள்ளை தலையில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவன். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என் கையிலிருந்து அதை வாங்கி, திரும்பவும் என் தலையில் வைத்து, உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர்களுக்குத் தலை மூடியிருக்கவேண்டும். தொப்பி இல்லாமல் வருபவர்களுக்குக் கொடுப்பதற்கென்று கிழவரின் காலடியில் ஒரு கூடை நிறையச் சின்னத் தொப்பிகள் இருந்தன. அதுதான் அவருடைய வேலை. சம்பளம் கிடையாது. அவராகப் பிடித்துக்கொண்ட வேலை.

கிழவருடைய மகன்தான் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். உக்ரேனில் ஒடேசாப் பக்கத்தில் பாலம் கட்டிய மனிதர், இங்கே வந்து விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். என் வயதுதான். இங்கே அந்த வேலைக்கு ஹவுஸ்மைஸ்டர் என்று பெயர். நான் சுருக்கி மைஸ்டர் என்பேன். அவர் என்னை ஷெஃப் என்பார். ஜெர்மன்காரர் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவு நொண்டி. அதனாலேயே நாங்கள் இருவரும் கதைத்தது ஒருவருக்கொருவர் முழுதாக விளங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் ஆட்கள் நிலம் துடைக்க, நான் சமையலறையில் அவரோடு இருந்து எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்ட தேநீர் குடிப்பேன். என் கம்பனி பற்றி நான் அளப்பேன், தன் பாலங்கள் பற்றி அவர் அளப்பார். கிழவர் இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் பொய் என்று கையால் சைகை காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, தொழுகை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு இளவட்டம் வாசலுக்கு வந்தான். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தொப்பி ஒன்று தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டானாம். கிழவர் கூடைக்குக் குனிந்தார். குனிந்தவரைக் கத்தியால் குத்திவிட்டு உள்ளே பாய்ந்தான். அதற்குள் உள்கதவை மற்றவர்கள் சாத்திவிட்டார்கள். பொலிஸ்காரர் அவனை அந்த இடத்திலேயே பிடித்தார்கள். கிழவர் வைத்தியசாலையில் இறந்தார். யூதர் என்பதைத் தவிர அவனுக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அவனைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. நான் எழுதமாட்டேன்.

வாசலைக் கழுவ நானே போனேன். ஆட்களை அனுப்ப மனம் வரவில்லை. ஆனால் என்னைத் தொட விடவில்லை. அடக்கம் செய்யும் அவர்களுடைய ஆட்கள் முழங்காலில் இருந்து, நிலத்திலிருந்த இரத்தத்தை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரத்தமும் உடம்புதான், அதுவும் அவரோடு மண்ணுக்குப் போகவேண்டும் என்றார்கள். நான் வாளியை மூலையில் வைத்துவிட்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு அழுக்கைக் கண்டு கைகட்டி நின்றது அன்றைக்குத்தான்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. நகரபிதா வந்தார், அமைச்சர் வந்தார், தொலைக்காட்சி வந்தது. நானும் இரண்டு பஸ் பிடித்துத் தமிழ் ஆட்களைக் கொண்டு போனேன். பூவும் மெழுகுதிரியும் தொழுகைக்கூடத்து வேலியை மூடிவிட்டன. பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் சனம் வெளியே வட்டமாகக் கைகோத்து நின்றது. நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்று பலகை பிடித்தார்கள். நல்ல மனதோடுதான் நின்றார்கள். குறை சொல்ல ஏலாது.

உள்ளே என்ன நடந்தது என்பது வெளியே நின்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் ஆட்களை அனுப்பாமல் அப்போது நானே உள்ளே நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தகப்பன் இறந்தால், மகன் பதினொரு மாதம் ஒரு செபம் சொல்லவேண்டும். செத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லையாம். கடவுள் பெரியவர், அவருடைய நாமம் துதிக்கப்படுக என்று மட்டும்தான். மைஸ்டர் எனக்கு அதன் கருத்தைச் சொன்னபோது, உன் தகப்பனைக் கொன்ற கிழமையிலும் இதைத்தானா சொல்வாய் என்று கேட்டேன். அந்தக் கிழமையில்தான் சொல்லவேண்டும் என்றார். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் அந்தச் செபத்துக்கு வாய் திறக்கலாம். ஒன்பது பேர் கூடினால் எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பெண்களைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இதை என் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப அங்கயும் நாங்கள் தேத்தண்ணி ஊத்த மட்டும்தான்" என்றாள்.

முன்பெல்லாம் பத்து ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு பத்துச் சேரும். சாவுக்குப் பிறகு ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஒருவரைப் பிள்ளைகள் போக விடவில்லை. ஒருவர் பெர்லினில் மகளோடு போய் இருந்துகொண்டார். ஒருவருக்குக் கால் வருத்தம். அந்தக் கால் வருத்தம் சந்தைக்குப் போகும்போது இல்லை. வாசலில் கனத்த இரும்புக் கதவு வந்தது. நடைபாதையில் சீமெந்துக் கட்டைகள் வந்தன. ஒரு பொலிஸ் கார் நின்ற இடத்தில் இரண்டு நின்றன. காவல் கூடக் கூட உள்ளே ஆள் குறைந்தது. சனிக்கிழமைத் தொழுகை நின்று, வெள்ளி மாலை மட்டும் மிஞ்சியது.

மாலை ஆனதும் மைஸ்டர் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை என் வேலை முடிந்தும் நான் போகாமல் நின்றேன். உள்ளே எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்கிறேன் என்று கதவருகில் போனேன். விடியப்புறம் வானில் ஆட்களை ஏற்றும்போது நான் விரல் நீட்டித் தலையை எண்ணுவேன். அது எனக்குக் கைவந்த பழக்கம். அப்படியே விரலை நீட்டி, சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். மைஸ்டர் பின்னால் வந்து என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"எங்கட ஆக்களை எண்ணாதை ஷெஃப்" என்றார். "எங்களை எண்ணி ரயிலில ஏத்தின ஆக்கள் கனபேர்."

ஜெர்மனில்தான் சொன்னார். என் காதில் அது தமிழாகத்தான் நிற்கிறது. அவர்களில் ஆட்களுக்கு இலக்கம் சொல்லும் வழக்கம் இல்லை. வேதத்தில் பத்துச் சொல் உள்ள ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆளையும் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். வசனம் முடிந்தால் பத்து. அன்றைக்கு அவர் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு சொல் மிச்சம் இருக்க ஆட்கள் முடிந்துவிட்டார்கள்.

கொலோனுக்குப் போய்ச் சொல்லலாமே, அங்கே நிறைய ஆட்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். அவர் மறுத்தார். அப்பாவை வாசலில் வைத்துக் குத்தினவன் இந்தக் கதவைப் பூட்டத்தான் வந்தான், நான் கொலோனில் போய்ச் செபம் சொன்னால் நானே அவனுக்குப் பூட்டிக் கொடுத்தமாதிரி என்றார். சரி, ஆள் தானே உன் பிரச்சினை, ஆள் விஷயத்தை என்னிடம் விடு என்று நான் சொன்னேன். நெஞ்சைத் தட்டித்தான் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் ஆட்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல சட்டை போட வைத்தேன், சவரம் செய்ய வைத்தேன். வேலை நேரமாகவே கணக்குப் பார்ப்பேன் என்றும் சொன்னேன். நாலு பேரும் மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெடியள். வானுக்குள் ஒருவனுக்குப் பயம்.

"அண்ணை, ஆர் நீங்கள் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"ஒண்டும் கேளாயினம். கேட்டா ஆமென் எண்டு சொல்லு. அது எல்லாருக்கும் பொது."

"மாதா கோவிப்பா அண்ணை."

"மாதாவே அந்த ஆக்கள்தானடா" என்றேன்.

கூடையிலிருந்து தொப்பி எடுத்துக் கொடுத்து, கடைசி வாங்குப் பலகையில் நாலு பேரையும் வரிசையாக இருத்தினேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பூசைக்கு இருப்பதுபோல முதுகு நிமிர்த்தி இருந்தார்கள். மைஸ்டர் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது சொல்லில் என் மன்னார்ப் பெடியனின் முகத்துக்கு முன்னால் நின்றார். அவன் பயத்தில் ஆமென் என்றான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். கிழவர் செத்த நாளுக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் சிரிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம் என்று பிறகு சொன்னார்கள். மைஸ்டர் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார்.

"நீ ஆயிரம் பேரைக் கொண்டு வந்து இருத்தினாலும், அது ஆயிரம்தான் ஷெஃப். பத்து ஆகாது."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கடவுளுக்கு ஆட்பஞ்சம் இருக்கும் நேரத்தில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்டேன். அதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். அன்றைக்கும் செபம் நடக்கவில்லை. அந்தக் கிழவி என் பெடியளுக்கு ஒரு பெட்டி கேக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் நான் தோற்றுப்போய் வீட்டில் இருக்கும் ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். புது ஆளைக் கொண்டுவர ஏலாது என்றால், உள்ள ஆளைக் கொண்டுவரலாம். கிழவர்கள் வராததற்குக் காரணம் பயம். பயம் எங்கே? தெருவில், ட்ராம் தரிப்பில், நடந்து வரும் இருட்டில். அவர்களை வீட்டு வாசலில் ஏற்றித் தொழுகைக்கூடத்து வாசலில் இறக்கினால்? என்னிடம் வான் இருக்கிறது, பெலத்த ஆட்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வான்கள் சும்மாதான் நிற்கின்றன. மைஸ்டரிடம் விலாசங்களை வாங்கினேன். நானே ஓட்டினேன், பக்கத்தில் ஒரு பெடியனை இருத்திக்கொண்டு.

வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வந்தார்கள். படிக்கட்டால் கையைப் பிடித்து இறக்கி, வானுக்குள் ஏற்றி, இடுப்புப் பட்டி போட்டுவிடுவேன். வெள்ளி பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள், வாகனத்தில் ஏறக்கூடாது என்று சட்டம். பழைய சோவியத் நாட்டிலிருந்து வந்த இந்தக் கிழவர்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனாலும் அவர்களுடைய சுவாமி, ரபி என்பார்கள், மாதத்தில் இரண்டு தரம் வெளியூரிலிருந்து வருவார். அந்த நாட்களில் மட்டும், மூலையில் இறக்கிவிடு, ரபி காணக்கூடாது என்று கெஞ்சுவார்கள். கொலைகாரனுக்கும் பயம், ரபிக்கும் பயம். நான் மூலையில் இறக்கிவிட்டு, பின்னால் மெதுவாக வானை உருட்டிக்கொண்டு போவேன்.

அந்தக் கிழமைகளில் மைஸ்டர் தன் செபத்தைச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பெரிய குரல் இல்லை அவருக்கு. இடையிடையே மற்றவர்கள் ஆமென் என்பார்கள். அந்த ஆமெனில் பாதி என் வானில் வந்தது என்று எனக்குத் தெரியும். என் கம்பனி எத்தனையோ பெரிய இடங்களைப் பிடித்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நிகராக எனக்கு ஒன்றும் இனித்ததில்லை.

ஒரு காலை வானை எடுக்கப் போனபோது, பக்கவாட்டில் என் பெயருக்கு மேலால் யூதர்களின் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றை ஆணியால் ஆழமாகக் கீறியிருந்தார்கள். கீழே கெட்ட வார்த்தை. நான் அதை அழிக்கவில்லை. அப்படியே ஓட்டினேன். கம்பனி அலுவலகத்தைப் பார்ப்பது என் மகன். அவன் எனக்குச் சொல்லாமல் வானைக் கொண்டுபோய் நிறம் அடித்துவிட்டு வந்தான்.

"அப்பா, உங்களுக்கு இது என்ன தேவை? வானில இருக்கிறது எங்கட பேர். அதில ஏறுறது எங்கட பெடியள்."

"உனக்குப் பயம் எண்டா வீட்டில இரு."

"எனக்குப் பயம்தான்" என்றான். "பயமில்லாத ஆள் ஏன் அப்பா இஞ்ச வந்தவர்?"

நான் அவனோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பக்கத்தில் இருக்க ஒரு பெடியனும் வரமாட்டேன் என்றான். மனைவிமார் விடவில்லையாம். தனியாக ஓட்டினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. இளந்தாரிகள். உள்ளே தொப்பிகளைக் கண்டுவிட்டார்கள். கண்ணாடியை இறக்கி, கிழவரைக் குத்தினவனின் பெயரைச் சொல்லி, அவன் வெளியே வந்ததும் மிச்சத்தை முடிப்பான் என்று கத்தினார்கள். சிரித்துக்கொண்டுதான் கத்தினார்கள். விளக்குப் பச்சையானதும் போய்விட்டார்கள். அவ்வளவுதான், ஒரு அடி விழவில்லை. ஆனால் என் வானுக்குள் கடைசி இருக்கையில் இருந்த ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர், குனிந்து இருக்கைக்கு அடியில் புகப் பார்த்தார். இடுப்புப் பட்டி அவரைப் புக விடவில்லை. ஈரம் வானின் தரையில் வழிந்தது. மற்றவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் அவரைத் திருப்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என் கோட்டைக் கழற்றி இடுப்பில் சுற்றிவிட்டேன்.

அந்தப் பெரியவர் நின்றபிறகு பத்து உடைந்தது. ஒருவர் நின்றால் அடுத்தவர் நிற்பதற்கு அது ஒரு நியாயம். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று வெள்ளிக்கிழமைகள் போயின. அவர்களுடைய நிர்வாகத்தில் தலைவியாக இருந்தவர் நல்ல மனிசி, வக்கீல். அவர் ஒரு கூட்டம் வைத்தார். இப்படிக் கிழவர்களை ஆபத்தில் இழுத்து வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை, அடுத்த வெள்ளியும் பத்துச் சேராவிட்டால் கட்டடத்தைப் பூட்டிப் பெரிய நகரத்து ஆட்களோடு சேர்வோம் என்றார். கை உயர்த்தினார்கள். மைஸ்டரும் உயர்த்தினார் என்று அவரே எனக்குச் சொன்னார். நான் திட்டினேன்.

"என்ர அப்பா ஒருத்தர் போனது போதும் ஷெஃப்" என்றார். "இன்னொருத்தரின்ர மகனுக்கும் பதினொரு மாதம் நான் குடுக்க ஏலாது."

அந்த வெள்ளிக்கிழமைதான் அவருடைய பதினொரு மாதத்தின் கடைசி வெள்ளியும். ஒரு தரம், அந்த ஒரு தரம் சொல்லி முடித்தால் போதும், பூட்டுவதோ திறப்பதோ பிறகு பார்ப்போம் என்று அவர் நினைத்திருந்தார். நான் மத்தியானத்திலிருந்து வானோடு அலைந்தேன். ஒவ்வொரு மணியாக அடித்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்தேன். பொழுது சாயும்போது ஒன்பது பேர் உள்ளே இருந்தார்கள். கேட்காமல் மிச்சம் இருந்த ஆள் அந்த எண்பது வயதுப் பெரியவர் மட்டும்தான். அவரிடம் போகக்கூடாது என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தேன். போனேன்.

கதவை மகள் திறந்தார். ஐம்பது வயது இருக்கும், மருத்துவத் தாதி, வேலை உடுப்போடு நின்றார். அவருக்குப் பின்னால், நடையில், பெரியவர் நின்றார். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, சப்பாத்து நூல் கட்டி ஆயத்தமாக நின்றார். யாரும் வரும்படி சொல்லாமலே அவர் ஒவ்வொரு வெள்ளியும் அப்படி நிற்கிறாராம். மகள் கையைக் கதவு நிலையில் குறுக்காக வைத்தார்.

நான் எல்லாம் சொன்னேன். இன்றைக்கு ஒரு நாள் என்றேன். நானே கொண்டுபோய் நானே கொண்டுவருவேன், என் உயிரைக் கொடுத்தாவது, என்றேன். பயந்து ஒளித்தால் அவர்கள் வென்றதாகிவிடும், நின்று காட்டவேண்டும் என்றேன். நன்றாகத்தான் கதைத்தேன். அந்தப் பெண் இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எங்கயிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தேன், கடையை எரித்தார்கள், முதலாளியை உள்ளே வைத்து எரித்தார்கள், நான் பின்மதிலால் பாய்ந்தேன் என்று சொன்னேன். நானும் அறிந்தவன் என்று காட்டத்தான் சொன்னேன்.

"பிறகு அந்தக் கடைக்குத் திரும்பிப் போனீங்களோ?"

நான் கதவு நிலையில் இருந்த அவருடைய கையைப் பார்த்தேன்.

"போயிருக்கமாட்டீங்கள்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "போகாததாலதான் நீங்கள் இண்டைக்கு உயிரோட என்ர வாசலில நிக்கிறீங்கள்."

பெரியவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் காது சரியாகக் கேளாது. போகலாமா என்று என்னிடம் தலையசைத்துக் கேட்டார். நான் அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அவர் வந்திருப்பார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் அவருக்கு இல்லை என்று தலையாட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றவில்லை. அப்படியே நடையிலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். மகள் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது மெதுவாகத்தான் ஓட்டினேன். தொழுகைக்கூடத்து முற்றத்தில் மைஸ்டர் நின்றார். அவருக்குப் பின்னால் இரும்புக் கதவுக்குள் மற்றக் கிழவர்கள் ஒருவரின் தோளுக்கு மேலால் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வான் வருவதைக் கண்டதும் உள்ளே யாரோ விளக்கை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். மைஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. வானின் மற்றக் கதவைத்தான் பார்த்தார். வயதானவர் இறங்க நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஏற்ற பொறுமையோடு நின்றார். எப்போதும் போய்க் கையைப் பிடித்து இறக்குபவன் நான், ஏன் போகாமல் நிற்கிறேன் என்றுகூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். வானைப் பூட்டினேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அவர் திரும்பி உள்ளே போனார்.